நமத்துப்போன கொட்டைக்கு ஏன் இந்த மவுசு? மான்சூன்ட் மலபார் காபியின் பின்னணி

மழைக்காலத்தில் அப்பளக் கட்டைத் திறந்து வைத்தால் மறுநாளே நமத்துப் போய்விடும். காபிக்கொட்டையும் அப்படித்தான். ஈரம் ஏறிய கொட்டையை எந்தக் காபித்தூள் கடைக்காரரும் விரும்பி வாங்கமாட்டார். நாடு விட்டு நாடு போகும் பச்சைக் காபிக்கொட்டையில் ஈரப்பதம் 12.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டுக் காபி அமைப்பு வகுத்த வரம்பு. அப்படியிருக்க, மூன்று நான்கு மாதம் வேண்டுமென்றே மழைக்காற்றில் வைத்து, நிறம் வெளுத்து, உப்பிப் பருத்த ஒரு கொட்டை இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது. அதே ரகத்தின் சாதாரணக் கொட்டையைவிடக் கூடுதல் விலையும் பெறுகிறது. அதற்குப் பெயர் மான்சூன்ட் (பருவமழைக் காற்று பட்ட) மலபார்.

இந்தப் பெயர் போட்ட பொட்டலங்கள் இப்போது இணையக் கடைகளிலும் நகரத்துக் காபிக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கின்றன. கூடவே குழப்பங்களும் வருகின்றன. இது மலபாரில் விளைந்த காபியா? மழையில் நனைத்ததா? மஞ்சளாக இருக்கிறதே, பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்களா? புவிசார் குறியீடு பெற்ற கூர்க் காபியும் இதுவும் ஒன்றா? நான்குக்குமே 'இல்லை' என்பதுதான் விடை. ஏன் இல்லை என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் நான்கு சொற்கள்

காபிச் செடியில் காய்ப்பது பழம். செங்காயாகிப் பழுத்ததும் பறித்து, உள்ளிருக்கும் விதையை எடுத்துக் காயவைத்தால் அதுதான் பச்சைக் கொட்டை. வறுத்த பிறகுதான் நமக்குத் தெரிந்த பழுப்பு நிறமும் மணமும் வரும். இனி இந்தச் சொற்கள்:

1. அராபிகா, ரோபஸ்டா: இரண்டு வெவ்வேறு தாவர இனங்கள். அராபிகா உயரமான இடத்தில் வளரும், நோய்க்கு எளிதில் இரையாகும், மணம் கூடியது. ரோபஸ்டா தாழ்ந்த சரிவிலும் வளரும், கசப்பும் காபீனும் கூடியது.

2. பிளான்டேஷன்: பழத்தின் தோலையும் கூழையும் நீக்கி, தண்ணீரில் கழுவிக் காயவைத்த அராபிகா. காபித்தூள் கடையில் 'பிளான்டேஷன் ஏ' என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் பொருள் இதுதான். ஏ என்பது கொட்டையின் பருமன் தரம். இதே முறையில் கழுவிய ரோபஸ்டாவுக்கு வணிகத்தில் 'பார்ச்மென்ட்' என்று பெயர்.

3. செர்ரி: பழத்தைக் கழுவாமல், தோலோடு அப்படியே களத்தில் பரப்பி வெயிலில் காயவைத்து, பிறகு உமி நீக்கிய காபி. அராபிகாவிலும் உண்டு, ரோபஸ்டாவிலும் உண்டு.

4. பீபெர்ரி: பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதில் ஒன்றே உருண்டு திரண்ட கொட்டை. நம் கட்டுரைக்கு இது வேண்டியதில்லை. ஆனால் கடையில் இதையும் மான்சூன்ட் காபியையும் ஒரே 'ஸ்பெஷல்' வரிசையில் வைப்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. பீபெர்ரி செடியிலேயே அமைவது. மான்சூன்ட் கிடங்கில் ஆக்கப்படுவது.

மான்சூன்ட் மலபார் அராபிகாவின் மூலப்பொருள் மூன்றாவது வகை. அதாவது, கழுவாத அராபிகா செர்ரி. இந்திய வணிகத்தில் பிளான்டேஷனுக்குக் கீழே வைக்கப்பட்ட சரக்கு அது. மழைக்காற்று பட்டபின் அதன் மதிப்பு ஏறிவிடுகிறது.

கப்பலில் பிறந்த சுவை

கர்நாடகத்தின் சந்திரகிரி மலையில், இன்று பாபா புடன்கிரி எனப்படும் இடத்தில், 17ஆம் நூற்றாண்டில் சூஃபி ஞானி பாபா புடன் ஏமனின் மோக்காவிலிருந்து ஏழு காபி விதைகளைக் கொண்டுவந்து நட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பெருந்தோட்டங்களாகக் காபி பரவியது பிரித்தானியர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில்தான். சிக்மகளூர், குடகு, வயநாடு மலைகளில் விளைந்த காபி மாட்டுவண்டியில் மேற்குக் கரைக்கு இறங்கி, மங்களூர், தலச்சேரி, கோழிக்கோடு துறைகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது.

அந்தக் காலத்துப் பயணத்தை எண்ணிப் பாருங்கள். பாய்மரக் கப்பல். சூயஸ் கால்வாய் இல்லை. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்கவேண்டும். ஏறத்தாழ ஆறு மாதம். மரத்தாலான கப்பலின் அடித்தட்டில் காபி மூட்டைகள். மேலே உப்புக்காற்று, கீழே கசியும் ஈரம், நடுவில் வெப்பமண்டலப் புழுக்கம். பச்சையாக ஏறிய கொட்டை இறங்கும்போது வெளிறிய மஞ்சளாக இருந்தது. புளிப்பு குறைந்து, கனமான, மிருதுவான சுவை வந்திருந்தது. ஐரோப்பாவில் வாங்கியவர்களுக்கு இந்தியக் காபி என்றாலே இந்த மஞ்சள் கொட்டைதான். பயணத்தில் கெட்ட சரக்கு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் பயணம் செய்யாத கொட்டையை அவர்கள் கண்டதே இல்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் நடந்ததன்று. டச்சுக்காரர்கள் ஜாவாத் தீவிலிருந்து கொண்டுபோன காபியும் இப்படித்தான் கப்பலில் பழுப்பேறியது. பழுப்பேறிய ஜாவாவுக்கு மேற்கு நாடுகளில் தனி மதிப்பு இருந்தது. கிடங்கில் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழசாக்கியும் விற்றார்கள்.

1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்களும் பெருகின. மாதக்கணக்கான பயணம் வாரக்கணக்காகச் சுருங்கியது. கொட்டை பச்சையாகவே போய்ச் சேர்ந்தது. வணிகக் கண்ணால் பார்த்தால் இது முன்னேற்றம். ஆனால் பழகிய நாக்கு அதை ஏற்கவில்லை. குறிப்பாக ஸ்காண்டிநேவிய நாடுகளில், பழைய மஞ்சள் கொட்டை எங்கே என்று கேட்டார்கள். (அதே 1869இல்தான் இலங்கைத் தோட்டங்களில் காபி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது அந்தத் தீவின் காபித் தொழிலையே அழித்து, தேயிலைக்கு வழிவிட்டது. காபி வரலாற்றில் இந்த ஒரே ஆண்டு இரண்டு திருப்பங்களைக் கொண்டுவந்தது.)

கப்பலுக்குள் ஆறு மாதம் நடந்ததைக் கரையிலேயே நடத்திக் காட்டமுடியுமா என்று தேடியபோது விடை கண்முன்னே இருந்தது. மேற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றே அந்தக் கப்பலின் அடித்தட்டைப் போன்றதுதான்.

ஏன் அந்தக் கரை, ஏன் அந்த மாதங்கள்

இங்கே மூன்று சங்கதிகள் ஒன்றுசேர்கின்றன. ஒன்று தவறினாலும் இந்தக் காபி இல்லை.

முதலாவது, ஈரக்காற்று. தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையில் வழக்கமாக ஜூன் 1ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும். அரபிக்கடலைக் கடந்து நீரைச் சுமந்து வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, கரையோரம் முழுவதும் கொட்டுகிறது. மங்களூருவில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பங்கு இந்த நான்கு மாதத்தில் விழுகிறது. மழை நின்ற பொழுதிலும் காற்றில் ஈரம் குறையாது.

இரண்டாவது, அறுவடை நாட்காட்டி. அராபிகாப் பழம் நவம்பர் முதல் ஜனவரி வரை பறிக்கப்படுகிறது. களத்தில் காய்ந்து, உமி நீங்கி, பருமன் பிரித்து மூட்டையாகும்போது கோடை வந்துவிடும். மழை தொடங்கும்போது புதுச் சரக்கு தயாராக நிற்கிறது. அறுவடையே மழையை ஒட்டி அமைந்திருந்தால், ஈரக்கொட்டையின் மேல் மழைக்காற்று பட்டு எல்லாம் அழுகியிருக்கும்.

மூன்றாவது, துறைமுகம். மலையில் விளைந்தது ஏற்றுமதிக்காக எப்படியும் கரைக்கு இறங்கியாகவேண்டும். அந்த வழியிலேயே இந்த வேலை நடந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக் கரையில் இதை ஏன் செய்யவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கிழக்குக் கரை மலையின் மழைமறைவில் இருக்கிறது. நமக்கு மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் மலைத்தோட்டங்களில் பழமே அப்போதுதான் பறிக்கத் தொடங்குகிறார்கள்.

கிடங்குக்குள் நடப்பது

'மழையில் ஊறிய காபி' என்று விளம்பரங்களில் வருகிறது. அது தவறான படத்தைத் தருகிறது. ஒரு சொட்டு மழைகூடக் கொட்டையின் மேல் படக்கூடாது. பட்டால் அந்தக் குவியல் வீண். படவேண்டியது காற்று மட்டும். வேலை நடக்கும் வரிசை இது:

1. தேர்வு. உமி நீக்கி, பருமன் பிரித்த அராபிகா செர்ரிக் கொட்டையில் பெரியவற்றை எடுக்கிறார்கள். தொடக்கத்தில் ஈரப்பதம் 10 முதல் 11 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்.

2. பரப்பல். பக்கங்கள் திறந்த, கூரை உள்ள கிடங்கில், செங்கல் அல்லது சிமென்ட் தரையில் நான்கு முதல் ஆறு அங்குலக் கனத்தில் கொட்டையைப் பரப்புகிறார்கள். சில நாள் அப்படியே கிடக்கும். ஆனால் சும்மா கிடக்காது. ஆட்கள் பலகையால் திரும்பத் திரும்பக் கிளறிவிடுவார்கள். மேலே இருப்பது கீழே போகவேண்டும், கீழே இருப்பது காற்றைப் பார்க்கவேண்டும்.

3. மூட்டை கட்டல். ஓரளவு ஈரம் ஏறியதும் கோணிச்சாக்கில் தளர்வாகக் கட்டுகிறார்கள். சாக்கு முழுக்க நிரப்புவதில்லை, ஏனென்றால் கொட்டை பருக்க இடம் வேண்டும். மூட்டைகளை வரிசையாக அடுக்கி, வரிசைக்கு இடையே காற்று புகுந்து போகும்படி சந்து விடுகிறார்கள். காற்று வீசும் திசை பார்த்துத்தான் இந்த அடுக்கு.

4. கொட்டிக் கட்டல். சில நாளுக்கு ஒருமுறை மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, கலந்து, மறுபடி கட்டுகிறார்கள். நடுமூட்டையில் வெப்பம் தங்கினால் பூஞ்சை வரும். ஓரத்து மூட்டை மட்டும் பழுத்தால் சரக்கு ஒரே சீராக இருக்காது. இந்த இரண்டையும் தடுப்பது இந்த உடலுழைப்புதான். 12 முதல் 16 வாரம் இது நடக்கிறது.

5. முடித்தல். நிறம் பச்சையிலிருந்து வைக்கோல் மஞ்சளுக்கு வந்து, கொட்டை உப்பியபின், மழை ஓய்ந்த பருவத்தில் ஈரத்தை 13 முதல் 14.5 விழுக்காட்டுக்கு இறக்குகிறார்கள். வண்டு பிடிக்காமல் இருக்கப் புகைமூட்டம் இடுகிறார்கள். பிறகு மெருகேற்றி, கையால் பொறுக்குகிறார்கள். பருக்காமல் பச்சையாக நின்றவை, கறுத்தவை, பூசணம் தொட்டவை தனியே போகின்றன. தேறியதில் முதல்தரத்துக்கு 'மான்சூன்ட் மலபார் ஏஏ' என்று பெயர். உடைந்தவையும் சிறியவையும் 'டிரையேஜ்' என்று வேறாக விற்கப்படும்.

இத்தனை முறை கொட்டி, கிளறி, கட்டி, பொறுக்கும் கூலிதான் கூடுதல் விலைக்கு ஒரு முக்கியக் காரணம். அதோடு நான்கு மாதம் முதலீடு முடங்கிக் கிடக்கிறது, இறுதியில் ஒரு பங்கு கழிந்தும் போகிறது. விலை கூடுதலாக இருப்பதைக் கண்டு ஏமாற்று என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

கொட்டைக்குள் என்ன மாறுகிறது

பச்சைக் கொட்டை பாறைபோல் கடினமானது. சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அது நீரை வாங்கும் அல்லது விடும். ஈரக்காற்றில் நீரை வாங்கியதும் உள்ளிருக்கும் உயிரணுச் சுவர்கள் தளர்ந்து விரிகின்றன. அதனால் கொட்டை பருத்து, அடர்த்தி குறைந்து, இலேசாகிறது.

இது உருவ மாற்றம். சுவை மாற்றத்துக்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில் மழைக்காற்று பட்ட கொட்டையையும் படாத கொட்டையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வேறுபாடுகள் தெரிந்தன. பச்சைப் பட்டாணி போன்ற நெடி தரும் மெத்தாக்சிபைரசின் சேர்மங்கள் மழைக்காற்று பட்டதில் குறைந்திருந்தன. 4-வினைல்குவையகால், ஐசோயூஜினால் என்ற இரு சேர்மங்கள் கூடியிருந்தன. ஐசோயூஜினால் கிராம்பு மணத்துக்குக் காரணமான யூஜினாலின் நெருங்கிய உறவு. மான்சூன்ட் மலபாரைக் குடித்தவர்கள் 'மசாலா வாடை' என்று சொல்வது கற்பனை இல்லை என்பதற்கு இதுவே சான்று.

அந்தச் சேர்மங்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் இன்னும் சுவையான செய்தி. வெளியிலிருந்து எதுவும் ஏறவில்லை. கொட்டைக்குள்ளேயே சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து, மணமில்லாமல் அடங்கிக் கிடந்தவை அவை. மழைக்காற்றில் கிடந்த வாரங்களில் அந்தப் பிணைப்பு மெல்ல அவிழ்கிறது, மணம் விடுதலையாகிறது. பெட்டியில் பூட்டி வைத்திருந்ததைத் திறப்பது போல. பழைய அரிசி, பழைய புளி என்று நம் வீடுகளில் தேடி வாங்குவதும் இதைப் போன்ற மெதுவான மாற்றத்துக்காகத்தான். ஆனால் அரிசியை ஈரத்திலிருந்து காத்துப் பழசாக்குகிறோம், இதை ஈரத்தில் விட்டுப் பழசாக்குகிறார்கள்.

இழப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நல்ல உயரத்தில் விளைந்த பிளான்டேஷன் அராபிகாவில் எலுமிச்சை, ஆரஞ்சுப் புளிப்பும் பூவின் மென்மணமும் இருக்கும். மழைக்காற்று அவற்றைத் துடைத்துவிடும். எந்த மலை, எந்த ரகம், எந்த நிழல்மரத்தின் கீழ் வளர்ந்தது என்ற அடையாளங்களும் மங்கிப்போகும். ஆகவேதான் மிகச் சிறந்த பிளான்டேஷன் சரக்கை யாரும் இதற்கு அனுப்புவதில்லை. ஏற்கெனவே புளிப்பு குறைந்த, வாயில் கனம் கூடிய செர்ரிக் கொட்டையை எடுத்து, அதன் இயல்பையே மேலும் ஒருபடி தள்ளுகிறார்கள்.

பூஞ்சை பற்றிய நியாயமான அச்சம்

ஈரம், வெப்பம், நான்கு மாதம் என்றால் பூசணம் நினைவுக்கு வருவது சரியே. காபியில் சில பூஞ்சைகள் ஓக்ராடாக்சின் ஏ என்ற நச்சை உண்டாக்கும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. வறுக்கும்போது ஒரு பகுதி அழியும், முழுவதும் அழியாது. ஐரோப்பிய ஒன்றியம் வறுத்த காபியில் இதற்கு வைத்திருந்த வரம்பை, கிலோவுக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3 மைக்ரோகிராமாக 2023 முதல் குறைத்தது. மான்சூன்ட் மலபாரின் முதன்மைச் சந்தையே ஐரோப்பாதான் என்பதால், இந்த வரம்புக்குள் வராத சரக்குக்கு அங்கே இடமில்லை.

கிளறுவதும் கொட்டிக் கட்டுவதும் சந்து விட்டு அடுக்குவதும் மரபு என்பதற்காகச் செய்யும் சடங்கில்லை என்பது இங்கே விளங்கும். நகராத ஈரத்தில் பூஞ்சை ஊன்றும். நகரும் காற்றில் அதற்கு வாய்ப்புக் குறைவு. வீட்டில் மழைக்காலத்தில் பச்சைக் கொட்டையைச் சாக்கில் கட்டி மொட்டைமாடி அறையில் வைத்துப் பார்க்கும் ஆர்வலர்கள் சிலர் உண்டு. நச்சு அளவைச் சோதிக்க வழியில்லாத இடத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

தொடக்கத்தில் சொன்ன 12.5 விழுக்காடு வரம்புக்கு வருவோம். மான்சூன்ட் காபி 13 முதல் 14.5 விழுக்காட்டில் விற்கப்படுகிறதே, எப்படி? பன்னாட்டுக் காபி அமைப்பின் அதே தீர்மானம், மரபாகவே ஈரம் கூடிய சிறப்புக் காபிகளுக்கு விலக்கு தருகிறது. அதற்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்வதே இந்திய மான்சூன்ட் காபியைத்தான்.

பெயரில் இருக்கும் மலபார் எது

குழப்பத்தின் வேர் இங்கேதான். டார்ஜிலிங் தேயிலை என்றால் டார்ஜிலிங்கில் விளைந்தது. கூர்க் அராபிகா என்றால் குடகில் விளைந்தது. மான்சூன்ட் மலபாரில் இருக்கும் கொட்டை மலபார்க் கரையில் விளைவதில்லை. அந்தக் கரை கடல்மட்டத்தில் இருக்கிறது, அராபிகாவுக்கு மலை வேண்டும். கொட்டை மலைத்தோட்டங்களிலிருந்து வருகிறது. மலபார் என்பது கொட்டை காற்றில் கிடந்த இடம்.

அதிலும் ஒரு நுட்பம். வேலையின் முதன்மை மையமான மங்களூரு இன்று கர்நாடகத்தில் இருக்கிறது. மலபார் என்றால் வடகேரளம் என்று பழகிய நமக்கு இது பொருந்தாதது போலத் தோன்றும். வணிகர்கள் சொன்ன 'மலபார்க் கரை' மேற்குக் கரையின் நீண்ட பகுதியைக் குறித்த பரந்த பெயர். நிர்வாக வரைபடமும் அப்போது வேறு. மலபார் மாவட்டமும் மங்களூரைத் தலைநகராகக் கொண்ட தென்கன்னட மாவட்டமும் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தில் அடுத்தடுத்து இருந்தவை.

புவிசார் குறியீடு இதற்கு எப்படிக் கிடைத்தது? 1999இல் இயற்றி 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தியச் சட்டம், ஓர் இடத்தால் ஒரு பொருளுக்கு வரும் தரம், நற்பெயர், தனித்தன்மை ஆகியவற்றைப் பாதுகாக்கிறது. அந்தத் தனித்தன்மை மண்ணால்தான் வரவேண்டும் என்று அது சொல்லவில்லை. காற்றால் வந்தாலும் போதும். இந்தியக் காபி வாரியத்தின் விண்ணப்பத்தின் பேரில் மான்சூன்ட் மலபார் அராபிகா, மான்சூன்ட் மலபார் ரோபஸ்டா இரண்டும் 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் பதிவாயின. கூர்க் அராபிகா, சிக்மகளூர் அராபிகா, பாபாபுடன்கிரி அராபிகா, வயநாடு ரோபஸ்டா, அரக்கு பள்ளத்தாக்கு அராபிகா ஆகிய ஐந்தும் 2019இல் குறியீடு பெற்றன. இந்த ஐந்தும் விளைந்த நிலத்தின் பெயர்கள். மான்சூன்ட் இரண்டு மட்டும் பக்குவப்பட்ட கரையின் பெயர். ஆகவே சிக்மகளூரில் விளைந்த ஒரு கொட்டை கரைக்கு இறங்கி மான்சூன்ட் மலபார் ஆகலாம். சிக்மகளூரிலேயே இருந்து ஆகமுடியாது.

கோப்பையில் எப்படி இருக்கும், எப்படிப் போடுவது

புளிப்பு மிகக் குறைவு. வாயில் கனம், ஏறக்குறைய எண்ணெய்ப் பசை போன்ற வழவழப்பு. மழை பெய்த மண், கொட்டைப்பருப்பு, கோகோ, இலேசான மசாலா. சிலருக்கு இது முதல் வாயிலேயே பிடித்துப்போகும். பழமணக் காபிக்குப் பழகியவர்களுக்குக் 'கோணி வாடை' என்று தோன்றும். இரண்டுமே சரியான கருத்துகள்தான். இந்தக் காபி எல்லாருக்கும் பொதுவானதன்று.

இத்தாலிய எஸ்பிரெசோக் கலவைகளில் இதை விரும்பிச் சேர்க்கிறார்கள். மேலே தடித்த நுரை நிற்கும், மற்ற கொட்டைகளின் புளிப்பை அடக்கும் என்பது காரணம். 'புளிப்பு குறைவு' என்பதை 'காபீன் குறைவு' என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். காபீன் அளவு முதன்மையாக இனத்தைப் பொறுத்தது. அராபிகா என்றால் குறைவு, ரோபஸ்டா என்றால் ஏறத்தாழ இருமடங்கு. இரவில் தூக்கம் வராதவர்கள் இதை நம்பி இரண்டாவது டம்ளர் குடிக்கவேண்டாம்.

வறுப்பவர்களுக்கு இது கொஞ்சம் முரட்டுக் கொட்டை. வெளுப்பான நிறத்தில் தொடங்குவதால் நிறம் பார்த்துப் பதம் சொல்வது கடினம். அடர்த்தி குறைவு என்பதால் கடுந்தீ வைத்தால் மேலே கருகி உள்ளே வேகாமல் போகும். வறுபடும்போது பட்பட்டென வெடிக்கும் ஓசையும் அடங்கியே கேட்கும். நடுத்தர வறுப்பில் நிறுத்துவது நல்லது. மிகக் கறுக்க வறுத்தால், நான்கு மாதம் பாடுபட்டு வந்த மசாலா மணம் கரிந்த கசப்பில் மறைந்துபோகும்.

நம் பில்டர் காபிக்கு எப்படி? சிக்கரி சேர்ப்பதன் நோக்கமே டிகாக்ஷனுக்குக் கனமும் நிறமும் தருவது. இந்தக் கொட்டை அந்தக் கனத்தைத் தானே தருகிறது. ஆகவே மான்சூன்ட் மலபாரை வாங்கி அதில் 30, 40 விழுக்காடு சிக்கரி கலப்பது பணத்தை வீணாக்குவது. சிக்கரி இல்லாமலோ, பிளான்டேஷன் ஏயோடு பாதிக்குப் பாதியோ போட்டு, பாலைக் கொஞ்சம் குறைத்துக் குடித்துப் பார்த்தால்தான் இதன் குணம் தெரியும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை:

1. பொட்டலத்தில் 'மலபார்' என்ற சொல் மட்டும் இருந்தால் போதாது. மான்சூன்ட் என்பதும், அராபிகாவா ரோபஸ்டாவா என்பதும், தரமும் இருக்கவேண்டும். 'மலபார் பிளெண்ட்' என்பதில் எது எவ்வளவு என்று கேளுங்கள்.

2. முடிந்தால் முழுக்கொட்டையாக வாங்குங்கள். தூளாக்கிவிட்டால் உருவத்தை வைத்து அடையாளம் காண வழியே இல்லை. பச்சைக் கொட்டையாகக் கிடைத்தால் இன்னும் எளிது. வைக்கோல் மஞ்சள், பருத்த உடல், கைக்கு இலேசு. வெறுமனே பழசாகிப்போன கொட்டையும் வெளுக்கும், ஆனால் பருக்காது.

3. 'காபி சிக்கரிக் கலவை' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். விதிப்படி 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கலாம், அதன் அளவைப் பொட்டலத்தில் குறிப்பிட்டாகவேண்டும்.

4. பச்சைக் கொட்டை வாங்கி வீட்டில் வறுப்பவர்கள் எடைக்கழிவைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் இரண்டு மூன்று விழுக்காடு கூடுதல் என்றால் கிலோவுக்கு 20, 30 கிராம் தண்ணீருக்குப் போகிறது.

மழை பிசகினால்

தோட்டத்துக் காபிக்குப் பருவநிலை மாற்றம் ஒருவகையில் அடிக்கிறது. பூமழை தவறினால் பூ கட்டாது, அறுவடையில் மழை பெய்தால் பழம் உதிரும். மான்சூன்ட் மலபாருக்கு இரண்டாவது அடியும் உண்டு. கரையில் காற்று சீராக வீசவேண்டும். ஜூலையிலோ ஆகஸ்டிலோ பருவமழை சில வாரம் இடைவெளி விட்டால், ஏறிய ஈரம் பாதியில் இறங்கி, கொட்டைகள் சீரில்லாமல் நிற்கும். மாறாக, அக்டோபரிலும் மழை விடாமல் நீண்டால், முடிக்கவேண்டிய நேரத்தில் ஈரம் இறங்காமல் பூஞ்சை நெருங்கும்.

ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அறை கட்டி, ஆண்டு முழுவதும் எங்கும் இதைச் செய்யமுடியாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. வேதிமாற்றத்தில் ஒரு பகுதியை அப்படிக் கொண்டுவர முடியலாம். அதை வேறு பெயரில் விற்கவும் தடையில்லை. மான்சூன்ட் மலபார் என்ற பெயரில் விற்கமுடியாது, ஏனென்றால் அந்தப் பெயர் பதிவானதே கரையின் பருவக்காற்றுக்காக. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியபோது, சரக்கை உடனே விற்றுக் காசாக்க வாய்ப்பிருந்தும் நான்கு மாதம் கிடங்கில் வைப்பதா என்ற கணக்கு ஒவ்வொரு வணிகரின் முன்னும் நின்றது. விலை ஏறினாலும் இறங்கினாலும் ஜூன் பிறந்ததும் அந்த முடிவை எடுத்தாகவேண்டும். செர்ரி மூட்டைகளைக் கரைக்கு இறக்கிப் பிரிக்க அவர்களுக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஒரே ஒரு பருவம்.